பதினாலாம் மரம்

மார்ச் 9

நீ போன் செய்வதை நிறுத்து. எடுக்க மாட்டேன் என்று தெரிந்தும் தினமும் அடிக்கிறாய். தையல் மெஷின் மேல் கிடந்து அது அதிர்ந்து அதிர்ந்து ஊசி டப்பாவைக் கீழே தள்ளுகிறது. உன் குரலைக் கேட்டால் என் வாயில் என்ன வருமென்று எனக்கே தெரியாது. என் பிள்ளையைச் சுடுகாட்டுக்கு அனுப்பி வைத்த அன்று வந்ததே போதும். சொல்ல ஏதாவது இருந்தால் எழுது, நானும் எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள்தான் உன் மாமியார். ஆனால் என் கையெழுத்தை வாத்தியார் மற்ற பிள்ளைகளுக்கு எடுத்துக் காட்டுவார். பல்கலைக்கழகத்தில் இருக்கிறவளுக்குப் புரியாமல் போகாது.

உங்கள் ஜீப் ஓட்டுகிற தம்பி நேற்று வந்தான். என் பிள்ளையின் பையைக் கொண்டுவந்து கொடுத்தான். உள்ளே இரண்டு சட்டை, ஒரு துண்டு, பல் தேய்க்கிற பிரஷ். பிரஷ் இன்னும் ஈரமாக இருப்பது போல எனக்குத் தோன்றியது. வந்தவன் உட்காரவே மாட்டேன் என்றான்.

"உட்காருப்பா. உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டேன். அன்னைக்கு நீ எங்கே இருந்தே, அதை மட்டும் சொல்லு" என்றேன்.

"ஜீப்புலதாம்மா. அவர் மரத்துக்குப் போனா நாங்க யாரும் பக்கத்துல போகக்கூடாது, பறவை சத்தம் போடாது. வர நேரமாச்சேன்னுதான் போய்ப் பார்த்தேன்."

"நீ போறப்போ?"

"முடிஞ்சிருச்சும்மா."

எழுந்து வாசல் வரைக்கும் போய்த் திரும்பி நின்றான். "மேலே அந்த ரெக்கார்டிங் மெஷின் ஓடிட்டுத்தான் இருந்துச்சு, நான் ஏறி ஆஃப் பண்ற வரைக்கும்" என்றான். அதைச் சொல்லாமல் போயிருந்தால் எனக்குத் தூக்கமாவது வந்திருக்கும்.

உங்கள் மெஷின் எல்லாச் சத்தத்தையும் பிடிக்கும் என்று என் பிள்ளையே என்னிடம் சொல்லியிருக்கிறான். இலை விழுவதைக்கூடப் பிடிக்குமாம். அப்படியென்றால் அவன் விழுந்ததும் அதில் இருக்கிறது. விழுந்த பிறகு கிடந்ததும் இருக்கிறது. யாரையாவது கூப்பிட்டானா? கூப்பிட்டு யாரும் வராமல் கிடந்தானா? எனக்கு வேண்டியது இது ஒன்றுதான்.

அந்த மெஷினை ஒரு கிளை மேலே கட்டச் சொன்னது நீதான் என்பதையும் அந்தத் தம்பி சொன்னான். மறைத்துப் பேசத் தெரியாத பையன்.


மார்ச் 15

அத்தைக்கு,

நீங்கள் திட்டியாவது எழுதினீர்களே, அதற்காகவே கடிதத்தை இரண்டு நாள் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன்.

ஆமாம், மேலே கட்டச் சொன்னது நான்தான். எங்கள் வேலை உங்களுக்குத் தெரியும், அவர் சொல்லியிருப்பார். அந்தக் காட்டில் எந்தெந்தப் பறவை இன்னும் மிச்சமிருக்கிறது என்று கணக்கெடுக்கிறோம். இலைகளுக்குள் இருப்பதைக் கண்ணால் பார்த்து எண்ண முடியாது, காதால்தான் எண்ண வேண்டும். அதனால் மரங்களுக்கு நம்பர் போட்டு ஒவ்வொன்றிலும் ஒலிப்பதிவுப் பெட்டியைக் கட்டுகிறோம். அவர் மரத்தடியிலேயே பெட்டியை ஓடவிட்டு, மரத்தின் நம்பரையும் காற்று எப்படி என்பதையும் வாயால் சொல்லிவிட்டு, அதை இடுப்பில் மாட்டிக்கொண்டு ஏறிக் கட்டுவார். கட்டிவிட்டு இறங்கி ஜீப்புக்குப் போய்விடுவார். நான் இங்கே ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, கேட்கிற குரலை எல்லாம் எழுதுவேன். பதினாலாம் மரத்தில் கீழ்க் கிளையில் இலை உரசி உரசி, பறவையே கேட்கவில்லை. "ஒரு கிளை மேலே கட்டுங்கள்" என்று எழுதி அனுப்பினேன். எல்லா மரத்துக்கும் இப்படி ஏதாவது எழுதுவது வழக்கம்தான். வழக்கம் என்று சொல்லித் தப்பிக்கவில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில். அவர் வெகுநேரம் கிடக்கவில்லை, அத்தை. "அம்மா" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.


மார்ச் 20

மருமகளுக்கு,

என்னையா கூப்பிட்டான்?

உன் கடிதம் வந்த அன்று பள்ளிக்கூட யூனிபார்ம் வெட்டிக்கொண்டிருந்தேன். பாதியில் கத்தரிக்கோலை வைத்தவள்தான். ஆர்டர் கொடுத்த பள்ளிக்கூட மானேஜர் வந்து, "ஸ்கூல் தொறக்கறப்போ பிள்ளைங்க என்னத்தப் போட்டுட்டு வரும், உங்க துக்கத்தையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவரோடு நான் சண்டைகூடப் போடவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள்.

அந்த ஒரு சொல்லை எனக்கு அனுப்பு. மாடிவீட்டுப் பெண் போனில் போட்டுக் காட்டுவாள். நான் தாங்குவேனா என்று நீ யோசிக்க வேண்டாம். தாங்க முடியாததெல்லாம் ஏற்கெனவே நடந்துவிட்டது.

அதோடு வேறு நாட்களில் அவன் பேசியதையும் அனுப்பு. மரத்தடியில் தினமும் வாயால் சொல்வான் என்று எழுதியிருந்தாயே. என்னிடம் அவன் குரல் ஒரு பொட்டுகூட இல்லை. உங்கள் கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். அந்த வீடியோக்காரன் முழுக்கப் பாட்டைப் போட்டு மூடி வைத்திருக்கிறான். என் பிள்ளை என் பக்கம் குனிந்து ஏதோ சொல்கிறான், நான் அவன் தோளில் ஓர் அடி போடுகிறேன். என்ன சொன்னான் என்று எனக்கே ஞாபகம் இல்லை. வாய் மட்டும் அசைகிறது. அவன் வைத்திருந்ததோ பட்டன் போன். அதில் பேச்சைப் பிடித்து வைக்கவா முடியும்?

நீ தினமும் அவனைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். எனக்கு வாரத்துக்கு ஒரு போன், அதிலும் பாதி "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே போய்விடும். உன்னிடம் நிறைய இருக்கிறது. எனக்குக் கொஞ்சம் கொடு.


ஏப்ரல் 2

அத்தைக்கு,

என்னிடம் நிறைய இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படிச் சொல்வேன்? ஒன்றும் இல்லை.

எங்கள் பதிவுகளில் மனிதக் குரல் இருக்கக்கூடாது. காட்டுக்குள் விறகுக்கும் தேனுக்கும் போகிறவர்கள் பேசுவது தெரியாமல் பெட்டியில் விழுந்துவிடும். அதை யாரும் கேட்க மாட்டோம், சேர்த்து வைக்க மாட்டோம் என்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம். நல்ல விதிதான். அவருடைய குரலுக்கும் அதே விதி. நம்பரையும் காற்றையும் தாளில் எழுதிக்கொண்டு, அவர் ஏறுகிற பாகம் முழுவதையும் வெட்டி எறிந்துவிட்டு, பறவை ஆரம்பிக்கிற இடத்திலிருந்துதான் சேமிப்போம். வெட்டுவது என் வேலை. மூன்று வருடமாக நானேதான் வெட்டினேன்.

நம்பர் சொல்லும்போது ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி விறைப்பாகச் சொல்வார். ஏற ஆரம்பித்ததும் மாறிவிடுவார். நான் கேட்பேன் என்று தெரியுமில்லையா? "மேடம், டீ ஆறிடப்போவுது, குடிச்சிட்டே கேளுங்க" என்பார். மூச்சு வாங்கிக்கொண்டே எங்கள் புரொபசர் மாதிரிப் பேசிக் காட்டுவார். நான் அந்த ஜன்னலில்லாத அறையில் தனியாகச் சிரித்துவிட்டு, அடுத்த நிமிடம் அதை வெட்டிப் போட்டுவிடுவேன். நாளைக்கும் பேசுவார் என்று இருந்துவிட்டேன்.

கடைசிப் பதிவு இப்போது என் கையில் இல்லை. விசாரணைக்காகப் புரொபசரிடம் இருக்கிறது. அது முடிந்ததும் கேட்டுப் பார்க்கிறேன். கொஞ்சம் பொறுங்கள்.


ஏப்ரல் 8

மருமகளுக்கு,

ஜீப்புத் தம்பியிடம் கேட்டேன். விசாரணை எல்லாம் போன மாதமே முடிந்துவிட்டதாம். அந்தப் பதிவை உன் கையில்தான் கொடுத்தானாம், நீ மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினாயாம். புரொபசர் கேட்டதற்கு, "இந்த வருஷக் கணக்குல பதினாலாம் மரத்தை விட்டுடுங்க சார்" என்று சொன்னாயாம். நீ பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். துணி திரித்துப் போட்டால் தையல்காரிக்குத் தெரியாதா?

இன்னொன்றும் தெரியும். உன் முதல் கடிதம் வந்த அன்றே தெரியும்.

அவன் என்னை அம்மா என்று கூப்பிட மாட்டான். சின்ன வயதில் பட்டன் தைக்க உட்கார வைத்து, பட்டனுக்கு இவ்வளவு என்று அவனுக்குக் கூலி கொடுப்பேன். அன்றிலிருந்து நான் அவனுக்கு முதலாளி. "முதலாளி, பசிக்குது." "முதலாளி, பாஸாயிட்டேன், போனஸ் எங்கே?" ஏழாம் வகுப்பில் சுவரிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டு வந்தான். எலும்பு ஒரு பக்கமாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது, முகம் வெள்ளையாக வெளுத்துப் போயிருக்கிறது. வாசலில் நின்று என்ன சொன்னான் தெரியுமா? "முதலாளி, ஒரு கை லீவு." உயிர் போகிற வலியிலும் அவன் வாயில் அம்மா வரவில்லை. உனக்கும் இது தெரியும். உன் முன்னால் எத்தனை தடவை கூப்பிட்டிருக்கிறான். ஏதோ ஒரு அவசரத்தில் எழுதிவிட்டாய்.

தெரிந்தும் ஏன் கேட்டேன் என்று நினைப்பாய். பொய்யாக இருந்தாலும் அதைக் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. ராத்திரி அந்த அம்மா யாரோ வேறு பிள்ளையின் குரலில் கேட்கிறது.

நிஜத்தைச் சொல். கெட்டதாக இருந்தாலும் சொல். அவன் கிடந்தானா?


ஏப்ரல் 23

அத்தைக்கு,

உங்களுக்கு எழுதியபோது எனக்கும் தெரியாது. கிளை முறிகிற சத்தம் வரைக்கும்தான் கேட்டிருந்தேன். அதோடு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டேன். அதற்கு மேல் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. கேட்காததற்கு ஒரு முடிவை நானே எழுதிவிட்டேன். மூன்று வருடமாகக் காதில் விழுந்ததை மட்டுமே எழுதி வந்தவள் நான்.

உங்கள் கடிதம் வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை அறைக்குப் போனேன். கட்டடத்தில் யாரும் இல்லை. ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் கேட்டேன். கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் செய்தி வாசிக்கிற குரல். "மரம் பதினாலு. காலை. காற்று இல்லை." அப்புறம் கயிறு உரசுகிற சத்தம், மூச்சு. பாதி மரத்தில் சிவப்பெறும்பு பிடித்திருக்க வேண்டும். அதுகளோடு பேசுகிறார். "ஏய், போங்கடா. உங்க வீடுதான், நான் என்ன வாடகையா கேட்டேன்? ஒரு நிமிஷம் இடம் கொடுங்க." அப்புறம் என்னிடம். "மேடம், இன்னிக்கு ஒரு கிளை எக்ஸ்ட்ரா. சம்பளத்துல பார்த்துக்குங்க." பெட்டியைக் கட்டுகிற சத்தம் கேட்கிறது. முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, "ம்" என்கிறார். அப்புறம் அவர் நின்ற கிளை.

விழுந்த பிறகு அவர் குரல் இல்லை. முதலாளி என்ற சொல்லும் இல்லை, என் பெயரும் இல்லை. ஒலியை எவ்வளவு ஏற்ற முடியுமோ அவ்வளவு ஏற்றிக் கேட்டேன்.

குரல் இல்லாவிட்டால் கிடக்கவில்லை என்று ஆகிவிடுமா என்று கேட்பீர்கள். பேச முடியாமல்கூடக் கிடந்திருக்கலாமே என்று நானும் கேட்டுக்கொண்டேன். ஆனால் அந்த மரத்தடியில் ஒரு சின்னப் பழுப்புக் குருவி இருக்கிறது. சருகுக்குள் தலையைக் குனித்துப் புரட்டிக்கொண்டே இருக்கும். ஃபைலுக்குள்ளேயே வாழ்கிறது என்று இவர் அதற்கு கிளார்க் என்று பெயர் வைத்திருந்தார், இப்போது நாங்கள் எல்லோருமே அப்படித்தான் சொல்கிறோம். அது பயங்கரப் பயந்தாங்கொள்ளி. பக்கத்தில் ஒரு மனிதர் காலை மாற்றி வைத்தால் போதும், நெஞ்சு ஏறி இறங்கினால் போதும், வாயே திறக்காது. அதனால்தான் ஜீப்பைத் தூரத்தில் நிறுத்துவோம்.

கிளை முறிந்ததும் காடு மொத்தமும் அடங்கிவிட்டது. பிறகு கொஞ்ச நேரத்திலேயே, பெட்டிக்கு நேர் கீழே, கிளார்க் கூப்பிட ஆரம்பித்துவிட்டது. நடுவில் நிறுத்தவே இல்லை. ஜீப்பின் கதவுச் சத்தம் கேட்கும் வரைக்கும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

அவர் அசைந்திருந்தால் அது கூப்பிட்டிருக்காது, அத்தை. அவர் கிடக்கவில்லை. யாருக்காகவும் காத்திருக்கவில்லை. இது எனக்குத் தெரிந்த வேலை. இதில் நான் பொய் சொல்ல மாட்டேன்.

அந்தக் குருவியின் மேல் எனக்கு வந்த கோபத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.


மே 1

மருமகளுக்கு,

படித்தேன். மாடிவீட்டுப் பெண்ணிடம் கொடுத்து அவளையும் வாசிக்கச் சொன்னேன், நான் சரியாகத்தான் படித்தேனா என்று. அவளால் முடிக்க முடியவில்லை. நான்தான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

நீ சொல்வதை நம்புகிறேன். தெரியாததைத் தெரியாது என்று எழுதியிருக்கிறாய், அவன் என்னைக் கூப்பிடவில்லை என்பதையும் எழுதியிருக்கிறாய். என்னைத் தேற்ற நினைத்திருந்தால் அதை எழுதியிருக்க மாட்டாய்.

எறும்போடு பேசினான் என்கிறாயே, அதுதான் என் பிள்ளை. குளிக்கிற அறையில் பல்லியோடு பேசுவான். சாப்பிடுகிறபோது தட்டோடு பேசுவான். "யாருடா உள்ளே?" என்று கேட்டால், "மீட்டிங்ல இருக்கேன் முதலாளி" என்பான். அந்தக் குரல் எனக்கு வேண்டும்.

ஆனால் எனக்குக் கிளை வேண்டாம், அந்தக் குருவியும் வேண்டாம். இத்தனை வருடமும் பறவைக்காக அவனை வெட்டினாய். ஒரு தடவை எனக்காகப் பறவையை வெட்டு. எங்கே நிறுத்த வேண்டும் என்று உனக்குத் தெரியும். தையலுக்கும் அதுதான், ஒரு நூல் தள்ளிக் கத்தரி வைத்தால் துணியே போச்சு.

தபாலில் அனுப்பாதே. நீயே கொண்டு வா. காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் வந்துவிடு.


மே 6

அத்தைக்கு,

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன்.

வெட்டிவிட்டேன். முடிச்சைப் பார்த்துவிட்டு "ம்" என்கிறாரே, அதோடு நிற்கும். அந்த "ம்" முடிந்ததும் ஒரு மூச்சு விடுகிறார். அதை வெட்டுவதா விடுவதா என்று ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்படியே விட்டுவிட்டேன்.

"ஒரு கிளை எக்ஸ்ட்ரா" என்று அவர் சொல்வதையும் வெட்டவில்லை. அதை நீங்கள் கேட்டால் உங்களுக்கு என் முகத்தைப் பார்க்கத் தோன்றாமல் போகலாம். வெட்டிவிட்டு வந்தால் என்னால் உங்கள் முகத்தைப் பார்க்க முடியாது.

மீதிப் பாகத்தைக் கணக்கில் எழுதிவிட்டேன். பதினாலாம் மரம், அந்தப் பழுப்புக் குருவி, ஒன்று. புரொபசர் அதை வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.


மே 19

மருமகளுக்கு,

நீ போனதிலிருந்து எழுத உட்காருவதும் எழுந்து போவதுமாக இருக்கிறேன். யூனிபார்ம் எல்லாம் முடித்துக் கொடுத்துவிட்டேன். மானேஜர் எண்ணிக்கூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனார், அதுவே எனக்குக் கோபம்.

நீ இங்கே இருந்தபோது கேட்டதை விட, நீ போன பிறகு கேட்டதுதான் அதிகம். எறும்பைத் திட்டுகிற இடத்தில் நான் சிரித்ததும் பயந்துபோய் என் கையைப் பிடித்தாயே, இப்போதும் அந்த இடத்தில் சிரிப்பு வந்துவிடுகிறது.

"ஒரு கிளை எக்ஸ்ட்ரா" என்கிற இடத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். கோபம் இருக்குமா, சலிப்பாவது இருக்குமா என்று தேடினேன். இருக்கட்டும் என்று ஆசைப்பட்டுத்தான் தேடினேன் என்று வைத்துக்கொள். இல்லை. உன்னைச் சிரிக்க வைக்கத்தான் அதைச் சொல்கிறான். அவனுக்கே இல்லாத கோபத்தை நான் யாருக்காகச் சுமப்பது? அவனை அனுப்பி வைத்த அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் உன்னைச் சொன்னதைத் திரும்ப எடுக்க முடியாது. எடுக்க முடிந்தால் எடுத்திருப்பேன்.

அந்த மூச்சோடு பதிவு நின்றுவிடுகிறது. நான் உட்கார்ந்தே இருக்கிறேன். அதற்கு மேல் இல்லை என்று தெரியும், நான்தானே வெட்டச் சொன்னேன். ஆனாலும் காது காத்துக்கொண்டிருக்கிறது.

மீதியை உன்னிடமே வைத்திரு. அழித்துவிடாதே. ஒரு நாள் நான் கேட்பேன். கேட்டால் கொடுக்காதே, அன்றைக்கு எனக்கு மனசு சரியில்லை என்று அர்த்தம். மறுபடியும் கேட்பேன், உன்னைத் திட்டிக்கூட எழுதுவேன். எழுதினால் எழுதட்டும் என்று விட்டுவிடு. அதற்கு மேலும் ஒரு தடவை கேட்டேன் என்றால் எடுத்துக்கொண்டு வா. கேட்டு முடிகிற வரைக்கும் என் பக்கத்தில் இரு.